பொறாமைக்கு ஓர் எடுத்துக்காட்டு

அகராதிக்காரர் ஆறு மணிக்கு எழுந்தார். பல் துலக்கினார். முகம் மழித்தார். சட்டை மாட்டினார். சாப்பாட்டு டப்பாவைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டார். டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்தை அடைவதற்குள் பின்னால் குரல் வந்துவிட்டது.

"ஏங்க! டப்பா! தலையாவது இருக்கா, அதையும் வீட்டுலயே வச்சுட்டீங்களா?"

மனைவி வெறுங்காலோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. அதில் அலுவலகத்து எதிர்மேசைக்காரரும் இருந்தார். அதுதான் அகராதிக்காரருக்குச் சுருக்கென்றது.

"இனிமே ஓடி வராத. மானம் போகுது."

"அப்ப பட்டினி கிடங்க," என்று டப்பாவை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

இருவருக்கும் ஒரே அகராதி அலுவலகம். 'ப' தொகுதி முடிந்ததும் இருவரில் ஒருவர் துணைப் பதிப்பாசிரியர். எதிர்மேசைக்காரருக்குச் சன்னலோர இடம். மனைவி இறந்து இரண்டு வருடம். தெருவில் கத்த ஆளில்லை, நிம்மதியாக வேலை பார்க்கிறான், கொடுத்துவைத்தவன் என்று அகராதிக்காரர் நினைத்துக்கொள்வார். 'பிரிவு' என்ற சொல்லுக்கு அந்த மனிதர் எழுதிய எடுத்துக்காட்டைப் படித்துவிட்டுத் தலைமைப் பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அகராதிக்காரர் 'பலகை'க்கு எழுதியதைப் படித்து யாரும் எதையும் துடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தலைவர் கூப்பிட்டார்.

"பொறாமைக்கு என்னய்யா எழுதியிருக்கீங்க? 'மயிலைக் கண்டு காகம் பொறாமைப்பட்டது.' காகம் உங்ககிட்ட வந்து சொல்லிச்சா? அனுபவிச்சு எழுதுங்க."

"எனக்குப் பொறாமையே கிடையாது சார்."

"அப்ப எதிர்மேசைக்கே கொடுத்துடவா?"

"வேண்டாம் சார்!"

உட்கார்ந்தார். எதிரே சன்னல் வெளிச்சம் அந்த மனிதர் தோளில் விழுந்தது. பேனா தானாக ஓடியது: 'சன்னலோரம் இடம் கிடைத்த சக ஊழியனைக் கண்டு அவன் பொறாமைப்பட்டான்.'

தலைவர் துள்ளிவிட்டார். "பிரமாதம்! புகைச்சல், பொச்சரிப்பு, பொருமல், எல்லாம் இனிமே உங்க பொறுப்பு."

மூன்று நாளில் நாற்பது வாக்கியங்கள். 'சக ஊழியனின் ஒரு வரிக்குத் தலைவர் கண்கலங்கியபோது இவனுக்குப் புகைச்சல் கிளம்பியது.' எழுத எழுத எரிச்சல் குறையவில்லை, ஊறியது.

நான்காம் நாள்தான் தலைவர் சொன்னார்: "மெய்ப்பை எதிர்மேசை படிச்சுத் திருத்தட்டும்."

அகராதிக்காரர் கணினி முன் இருந்த தட்டச்சு அம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, 'சக ஊழியன்' வர்ற இடத்துல எல்லாம் 'பக்கத்து வீட்டுக்காரன்'னு ஒரே தட்டுல மாத்திடுங்க."

"எல்லாத்தையுமா சார்?"

"எல்லாத்தையும்!"

அம்மா தட்டினார். 'ப' தொகுதி முழுவதும் மாறியது.

மறுநாள் தலைவர் அறையிலிருந்து சத்தம். "பணியிடம்: 'ஒரே அறையில் நாற்பது பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலை செய்தனர்.' பிரியாவிடை: 'ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரனைக் கண்ணீரோடு வழியனுப்பினர்.' எவன்யா இந்த வேலையைப் பார்த்தது?"

எவன் என்று தெரிந்துபோயிற்று. ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றும் வேலை எதிர்மேசைக்காரரிடம் போயிற்று. எது மறைய வேண்டுமோ அதை அவர் இனி வரி வரியாகப் படிப்பார். அகராதிக்காரர் இரண்டு நாள் தலை நிமிரவில்லை. பதவியும் போச்சு, மரியாதையும் போச்சு.

மூன்றாம் நாள் மாலை, எதிர்மேசைக்காரர் தாள்கட்டை அவர் மேசையில் வைத்தார்.

"மாத்திட்டேன் சார். உங்க பொறாமைப் பகுதி ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒரு எழுத்துகூடத் தொடலை. துணைப் பதிப்பாசிரியருக்கு உங்க பேரைத்தான் தலைவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அகராதிக்காரருக்கு நிம்மதி வரவேண்டும். வரவில்லை. பெருந்தன்மையிலும் முந்திவிட்டானே!

"பார்த்தீங்களாம்மா? என்ன மனுஷன்! பொறாமைன்னா என்னன்னே தெரியாது போல."

தட்டச்சு அம்மா கணினிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தச் சொல்லை முதல்ல அவர்கிட்டதான் சார் கொடுத்தாங்க. ஒரே ஒரு வாக்கியம் எழுதினார். அப்புறம், 'இது அச்சுல வந்தா ஆளு தெரிஞ்சுடும், வேற யார்கிட்டயாவது கொடுங்க'ன்னு திருப்பிட்டார்."

"என்ன வாக்கியம்?"

அம்மா இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து, கண்ணருகே பிடித்துப் படித்தார்.

"'டப்பாவை மறந்துவிட்டானே என்று அவன் மனைவி செருப்புகூடப் போடாமல் பஸ் நிறுத்தம் வரை ஓடி வந்தாள்; பக்கத்தில் நின்றவனுக்குப் பொறாமையாக இருந்தது.'"