பதினைந்து அங்குலம்

"பதினஞ்சு அங்குலம்தான்க்கா இந்த வண்டிக்கு அளவு," என்றார் தெருமுனை டயர்க்கடை ஒனேலியோ, நிமிர்ந்து பார்க்காமலே. "ஆனா இருக்கறதே இருந்துட்டுப் போகட்டுமே."

எதெல்வீனாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஐம்பத்திரண்டாம் வருடத்து செவர்லே. அதற்குப் போய் லாடா காரின் குட்டிச் சக்கரங்கள்! வயிறு தரையைத் தொடுகிற மாதிரி அது போவதைப் பார்த்துப் பன்னிரண்டு வருடமாக மத்தான்சாஸ் ஊரே "வாத்து வருது" என்று சிரித்தது. அந்தச் சக்கரங்களை மாட்டியவர் அவள் கணவர் ரிகோபெர்த்தோ. ஏனென்று கேட்டால், "இதுதான் கிடைச்சுது" என்பார்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. ஊர் வழக்கப்படி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லறையைத் திறந்து, எலும்புகளை எடுத்துச் சின்னப் பெட்டியில் வைக்கப்போகிறார்கள்.

"அந்தக் கஞ்ச மனுஷனைக் கடைசியா பார்க்கப் போறேன். அன்னிக்காவது வண்டி வண்டி மாதிரி இருக்கணும். கழட்டு!"

தையல் மெஷினைக் கொடுத்து நாலு சக்கரம் வாங்கினாள். உயரம் சரிதான்; அகலம் ஜீப்புக்கானது. முதல் திருப்பத்திலேயே டயர் மட்கார்டில் உரசிப் பன்றி மாதிரி அலறியது.

வண்டி ஓட்டிய கொழுந்தன் பௌஸ்தீனோ, "கவலைய விடுங்க அண்ணி. ஸ்பிரிங்ல கட்டை குடுத்து பாடியைத் தூக்கிட்டா போச்சு," என்றான்.

தூக்கினான். உரசல் நின்றது. வண்டி லாரி உயரத்துக்கு நின்றது.

"என்னடி, மாடி பஸ்ஸா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"பொறாமை!" என்றாள் எதெல்வீனா.

வெள்ளிக்கிழமை வந்தது. கறுப்பு உடை, கையில் வெள்ளைப் பூக்கள். கதவைத் திறந்து வலது காலைத் தூக்கினாள். முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. இடது காலைத் தூக்கினால், வலது கால் உடம்பைத் தாங்கவில்லை.

"நான் தள்ளறேன் அண்ணி."

"எங்கேடா கை வெக்கிறே!"

பீர் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள். ஏறினாள். பெட்டி படாரென்று உடைந்தது. எதெல்வீனா நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள், பூக்களின் மேல்.

தெருவே சிரித்தது. அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள்; அழுகைதான் வந்தது.

"மணி பத்தாகப் போகுது, அண்ணி..."

"இத்தனை வருஷமா இதே வண்டியிலதானே ஏறி இறங்கினேன்? ஒரு நாளாவது இந்த முட்டி தகராறு பண்ணியிருக்கா? இன்னிக்குன்னு பார்த்து... அங்க அவரைத் தோண்டி எடுக்கும்போது பக்கத்துல நான் இல்லேன்னா எப்படிடா?"

கடைக்குள்ளிருந்து ஒனேலியோ அந்தப் பழைய குட்டிச் சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார். ஜாக்கியையும், ஸ்பிரிங் கட்டைகளை உருவ ஸ்பானரையும் வண்டிக்கடியில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பதினஞ்சு அங்குலம் அன்னிக்கும் என் கடையில இருந்துதுக்கா, அவர்தான், 'அவளுக்கு முட்டி மடங்க மாட்டேங்குது, வண்டியைத் தாழ்த்திக் குடு, காரணத்தை மட்டும் சொல்லிடாதே, வயசாயிடுச்சுன்னு மனசு ஒடிஞ்சு போயிடுவா'ன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாரு."