மகிழ்ச்சி நேரில் சரிபார்க்கப்படும்

நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தே தலை நரைத்துப்போன பல் டாக்டர் ஒருவர், இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். அது குற்றமில்லை. அதைத் தம் பெயருக்கு மாற்றப் போன வாகனப் பதிவு ஆபீசில் உண்மையைச் சொன்னார் பாருங்கள், அதுதான் குற்றம்.

"என்ன நோக்கத்துக்காக வாங்கினீங்க?" என்றார் கவுன்ட்டர் அம்மா.

"சந்தோஷத்துக்கு."

ஆபீசில் மின்விசிறியைத் தவிர எல்லாம் நின்றுவிட்டது.

"சார், தொழில் இருக்கு, குடும்பத் தேவை இருக்கு, முதலீடு இருக்கு. சந்தோஷம்னு இதுவரைக்கும் யாரும் துணிஞ்சு சொன்னதில்லையே!"

துணைக்கு வந்த மச்சினன் டாக்டரின் விலாவில் இடித்தான். அவனுக்கு எல்லாமே முதலீடு. கல்யாணத்தையே நீண்டகால முதலீடு என்று சொல்லிப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். "முதலீடுன்னு சொல்லித் தொலைங்க அத்தான்! பத்து வருஷம் மூடி வெச்சா விலை எகிறும்."

"போடா! மூடி வைக்கவா வாங்கினேன்? ஏரிக்கரை ரோட்டுல காத்து மூஞ்சியில அடிக்க ஒரு தடவையாவது ஓட்டணும்டா."

கவுன்ட்டர் அம்மா இரக்கப்பட்டு மேலிடத்தைக் கேட்டார். மேலிடம் தலையைப் பிய்த்துக்கொண்டு ஓர் அரிய முடிவுக்கு வந்தது: விண்ணப்பதாரர் மெய்யாகவே மகிழ்கிறாரா என்பதைத் தக்க அதிகாரி உடனமர்ந்து சரிபார்த்த பின்னரே வண்டி அவர் பெயருக்கு மாறும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதிகாரி வந்தார், தொப்பியும் கூலிங் கிளாசுமாக. பக்கத்து சீட்டில் சாய்ந்துகொண்டு, "ம்… மகிழுங்க" என்றார்.

ஒருத்தர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எவனுக்கய்யா சிரிப்பு வரும்? வண்டி ஊர்ந்தது. சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துவிட்டு முந்திப் போனார்.

"முகத்துல ஒண்ணையும் காணோமே டாக்டர்?"

"உள்ளுக்குள்ள இருக்கு சார்."

"உள்ளுக்குள்ள இருக்கறதை நான் எப்படிச் சரிபார்க்கிறது? சிரிங்க. பல்லு தெரியட்டும்."

டாக்டர் பல்லைக் காட்டினார். பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர் மாதிரி இருந்தது.

"சேச்சே, இதுவா மகிழ்ச்சி? நகருங்க, நான் காட்டறேன்."

அதிகாரி ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஏரிக்கரை ரோட்டில் வண்டி சீறிப் பாய்ந்தது. "அடி சக்கை!" என்று அவர் போட்ட கூச்சலில் கரையில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டன. தொப்பி பறந்துபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

இறங்கியதும் அதிகாரி சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "இவ்வண்டியில் மகிழ்ச்சி உள்ளது என்பது ஐயமற நிறுவப்பட்டது. உங்க பேருக்கே மாத்திடலாம். ஆனா மகிழ்ச்சி தொடர்ந்து இருக்கான்னு வாராவாரம் பார்த்தாகணும். சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

டாக்டருக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரம்தான் எரிந்தது. அடுத்த ஞாயிறு அதிகாரி ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து போனதைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. "ஆபீசரையே டிரைவரா வெச்சிருக்காரப்பா!" என்று வாயைப் பிளந்தது. எதிரே வந்தவர்கள் கும்பிட்டார்கள். கும்பிடு யாருக்குத்தான் கசக்கும்?

அதுவே நாகரிகமாகிவிட்டது. தெருவில் ஆளாளுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்கள். மச்சினன்கூட நீலத்தில் ஒன்று வாங்கினான். எல்லாரும் கவுன்ட்டரில் சத்தமாக "சந்தோஷத்துக்கு" என்றார்கள். யார் சந்தோஷத்துக்கு என்று ஆபீசும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. சாவிகளை மாட்ட ஆபீசில் தனியாக ஒரு பலகை அடித்தார்கள்.

போன வாரம் ஒரு நோயாளி, வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு ஆசையாகக் கேட்டார். "டாக்டர், அந்த வண்டியை ஓட்டினா எப்படி இருக்கும்?"

டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பிரமாதமா இருக்காம். ஆபீசரே சொன்னார்."