ஆளுக்கொரு மாத்திரை

சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. மணிக்கூண்டைப் பார்க்கும்போது அதைவிட அதிகமாக எரிந்தது.

மணிக்கூண்டு என்பது மேற்பார்வையாளர் அம்மாவுக்கு அலுவலகம் வைத்த பெயர். நாள் முழுக்கத் தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் வசவு வாங்குவதுதான் அந்த அலுவலகத்தில் வேலை. யார் எழுந்து போனாலும் அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்ப்பாள். வாயைத் திறக்க மாட்டாள், பார்த்தே உயிரை எடுப்பாள். எரிச்சல்காரியோ, மூக்குக்கு மேல் கோபம் வருவதால் அதே அலுவலகத்தில் ‘பட்டாசு’ என்று பெயர் வாங்கியவள்; இந்த மாதம் வேலை நிரந்தரமாகிவிடும் என்ற ஒரே காரணத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றதையும் சேர்த்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து இருக்கை அக்காவிடம் சொன்னதுதான் தப்பு. அக்கா கைப்பையிலிருந்து பாதி அட்டை மாத்திரையை எடுத்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததில் வலி நின்றதும் மிச்சத்தைப் பத்திரப்படுத்துவது அங்கே எல்லோருக்கும் வழக்கம்.

“ரெண்டு போடு. சுவிட்ச அணைச்ச மாதிரி நின்னுடும்.”

எரிச்சல் நிற்கவில்லை. வயிறு போக ஆரம்பித்தது. இப்போது இரண்டு காரணங்களுக்காக எழுந்து ஓட வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மணிக்கூண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

வீட்டில் நாத்தனார் அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள். அது பழைய மாத்திரையாம், இப்போதெல்லாம் கேட்காதாம். தன் அலமாரியில் இருப்பதுதான் ஒசத்தியாம். விஷயம் போனில் அக்காவுக்குப் போக, எந்த மாத்திரை பெரிது என்று இருவருக்கும் சம்பந்திச் சண்டை மூண்டது. நோயாளியை யாரும் கேட்கவில்லை. நாத்தனார் மனம் கோணக்கூடாதே என்று பட்டாசு அதையும் விழுங்கினாள். காலையில் உடம்பெல்லாம் தடிப்பு.

“ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாத்தானே இருக்கு,” என்றான் கணவன். பதிலுக்கு ஒரு கரண்டி பறந்தது.

டாக்டர் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

“எது ஒசத்தின்னு இல்லம்மா. உங்களுக்கு வந்திருக்கிற கிருமிக்கு எது கேக்கும்கிறதுதான் கேள்வி. டெஸ்ட் பண்ணிட்டு எழுதறேன், கடைசி மாத்திரை வரைக்கும் போடுங்க. அது சரி, ஏன் அடக்கி வைக்கிறீங்க?”

அந்தக் கேள்வியில் திரி பற்றிக்கொண்டது. வெளியே வந்து, சிறுநீர் மாதிரி வாங்கும் நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். வேலை போனாலும் போகட்டும், நாளைக்கு மணிக்கூண்டின் முகத்திலேயே ராஜினாமாவை வீசப் போகிறாளாம்.

“அந்தப் பொம்பளைக்கு ஒரு நாள் இப்படி எரிஞ்சாத்தான் புத்தி வரும்.”

நர்ஸ் அவள் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்தாள். பிறகு, மூடியிருந்த கழிப்பறைக் கதவைப் பார்த்தாள்.

“மெதுவாப் பேசுங்கம்மா, உங்க மேடம் உள்ளதான் இருக்காங்க, சீட்ட விட்டு எழுந்தா மேனேஜர் திட்டுவாராம், ஆபீஸ்ல ஒரே ஒரு பொண்ணு மட்டும் தைரியமா எழுந்து எழுந்து ஓடுறா, அவளப் பாத்தாலே பொறாமையா இருக்குன்னு இப்பத்தான் அழுதாங்க.”