டிவி வாங்கப்போகிறவர்

வாங்காதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கையில் காசில்லாமல் வாங்காதவர்களைச் சொல்லவில்லை. அது வேறு கதை. காசை எடுக்க மனமில்லாத கஞ்சர்களையும் சொல்லவில்லை; அவர்களைக் கிண்டல் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வாங்குவதென்று தீர்மானித்து, பணத்தையும் ஒதுக்கி, சுவரில் இடமும் பார்த்து, எலக்ட்ரீஷியனிடமும் சொல்லிவைத்துவிட்டு, அன்று முதல் வாங்காமலே இருக்கிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். மரியாதையாக இவர்களை 'வாங்கப்போகிறவர்கள்' என்று அழைக்கலாம்.

எப்படி அடையாளம் காண்பது? மிகச் சுலபம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "உங்க வீட்டுல என்ன டிவி?" என்று கேட்பார். பதில் வந்ததும், "ஓ, அதுவா..." என்று இழுத்துவிட்டு ரசத்தில் கவனத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து இலைக்காரருக்குப் பாயசம் இறங்காது. "அவசரப்படக் கூடாதுங்க" என்பது இந்த இனத்தின் தாரக மந்திரம். "இன்னும் கொஞ்சம் பொறுத்தா புது மாடல் வந்துடும்" என்பது தினசரிப் பாராயணம். உலகத்தில் எப்போதும், இன்னும் கொஞ்சம் பொறுத்தால், ஏதாவது ஒரு புது மாடல் வந்துகொண்டுதானே இருக்கிறது?

மைசூர் குவெம்புநகரில் குடியிருக்கும் செந்தில்நாதன் இந்த இனத்தில் பழுதில்லாத ஒரு மாதிரி. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டுக்கு வந்த பிறகு அதையே இலவசமாகச் செய்கிறவர். மனைவி அனுப்ரியா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு மனோஜ்குமார் என்று ஒரு தம்பி. மஸ்கட்டில் வேலை. லீவு கிடைப்பதே அபூர்வம்.

யுகாதி அன்று மனோஜ்குமார் போன் செய்தான். தசராவுக்கு வருவதாகவும், வரும்போது அக்காவுக்கு வீடியோ கேம் கன்சோல் ஒன்று வாங்கி வருவதாகவும் சொன்னான். கொள்ளேகாலில் வளர்ந்த காலத்தில் அக்காவும் தம்பியும் பள்ளி லீவில் கேம் பெட்டியை வாடகைக்கு எடுத்து வந்து, கார் ரேஸ் ஓட்டி, அடித்துக்கொண்டு, சமாதானமாகி, மறுபடியும் அடித்துக்கொண்டவர்கள்.

"மாமா, நல்ல டிவி ஒண்ணு மட்டும் ரெடி பண்ணி வெச்சிருங்க" என்றான்.

சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டான்.

அன்று தொடங்கியது விசாரணை. சாதாரண டிவி என்றால் செந்தில்நாதன் சில மாதங்களில் முடித்திருப்பார். கேம் விளையாடும் டிவி என்பது தனிக் கடல் என்று அவருக்குத் தெரியவந்தது. திரை ஒரு வினாடியில் எத்தனை முறை புதுப்பிக்கிறது? ஒரே படம் வெகுநேரம் நின்றால் திரையில் தடம் பதியுமா? ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் இருட்டுக் காட்சி தெரியுமா? சோபாவை எவ்வளவு தள்ளிப் போடுவது? எல்லாவற்றுக்கும் மேலாக அவர் தூக்கத்தைக் கெடுத்தது இன்புட் லேக். அதாவது, கையில் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் கார் திரும்புவதற்கும் நடுவே ஏற்படும் தாமதம். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். ஆனால் அந்தத் தாமதம் மன்னிக்க முடியாதது என்று வீடியோக்களில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஆட்கள் கத்தினார்கள். அழுத்தினால் உடனே நடக்க வேண்டும், ஒரு நொடிகூட வீணாகக் கூடாது என்பதை அவர் யுகாதியிலிருந்து தசரா வரைக்கும் நிதானமாக ஆராய்ந்தார்.

"ஏனுங்க, வாங்கிப்போட்டா என்னங்க? என்ற தம்பி வரதுக்குள்ள சுவத்துல மாட்டிப்போடலாம்ல?" என்பாள் அனுப்ரியா.

"நீ சும்னே இரு. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு ஆஃபர் வரும்."

ஆகஸ்ட் பதினைந்து வந்தது. அப்போது கௌரி கணேசா பண்டிகை ஆஃபர் கண்ணில் பட்டது. கணேசர் வந்து போனார். மைசூரில் இருந்துகொண்டு தசரா ஆஃபருக்கு முன்னால் டிவி வாங்குகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்காதா?

இதற்கிடையில் காளிதாசா ரோட்டு டிவி கடையில் அவர் வீட்டு மனிதர் ஆகிவிட்டார். விற்பனையாளர் மல்லப்பன் அவரைக் கண்டதும் காபி சொல்வார். டிவி பார்க்க வருகிறவர்கள் செந்தில்நாதனைக் கடைக்காரர் என்று நினைத்துச் சந்தேகம் கேட்பார்கள். அவரும் சொல்வார். சொன்னது நன்றாகவும் இருக்கும். அவர் விளக்கத்தைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் ஊரெங்கும் திரைகளின் முன்னால் சுகமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாங்காதவர் அவர் ஒருவர்தான்.

தசரா பிறந்தது. ஊரெல்லாம் விளக்கு. மனோஜ்குமார் வந்து இறங்கினான். கன்சோல் அட்டைப்பெட்டி ஹாலில் மேஜைமேல் ஏறியது. சுவரில் பழைய டிவி. அதன் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஊதா நிறத்தில் ஒரு கோடு.

"மாமா, புது டிவி?"

"வந்துட்டே இருக்கு மாப்ளே."

"பரவால்லீங், இதுலயே சொருகிப் பாக்கலாம்."

செந்தில்நாதன் பதறிப்போய் டிவிக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றார். "வேண்டாம், வேண்டாம்! முதல் தடவை பாக்கறத நல்ல திரையில பாக்கோணும். இதுல பாத்தா அதோட மதிப்பே போயிரும்."

"நான் டிவி பாக்க வரலீங் மாமா. அக்காகூட ஆடத்தான் வந்தேன்."

சிரித்துக்கொண்டே சொன்னதால் செந்தில்நாதன் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். லீவு நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. மாடல்கள் இரண்டாகக் குறைந்து, ஒன்றாகக் குறைந்து, கடைசியில் ஒரு காலை நேரத்தில், "இன்னிக்கு வாங்கியே தீருவேன்" என்று அறிவித்துவிட்டுக் கடைக்குப் புறப்பட்டார். இந்த அறிவிப்பை அனுப்ரியா முன்பே பலமுறை கேட்டவள்.

அவர் முடிவு செய்திருந்த மாடல் கடையில் ஒன்றே ஒன்று பாக்கி. அதன் முன்னால் ஹுணசூரிலிருந்து வந்த ஒரு தம்பதி தயங்கி நின்றார்கள்.

"சார், இது பரவாயில்லையா?" என்று கணவர் கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும், "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பில் போட ஓடியிருப்பார்கள். செந்தில்நாதனால் முடியுமா? வாய் தானாகத் திறந்தது. கறுப்பு நிறம் எவ்வளவு கறுப்பு என்றார். வேகமான காட்சியில் கலங்காது என்றார். பையன் கேம் விளையாடுவானா, அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்றார். அந்த மனிதர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போனார்.

"உங்களுக்குத்தான் சார் கமிஷன் கொடுக்கணும்" என்றார் மல்லப்பன் உற்சாகமாக. அடுத்த ஸ்டாக் தீபாவளிக்குப் பிறகு.

பக்கத்தில் இருந்த வேறு மாடலை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த மாடலின் குறைகளை, அதைச் செய்த கம்பெனியைவிட நன்றாக அறிந்தவர் அவர். எப்படி எடுப்பார்? மறுநாள் முதல் ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போனார். அங்கே அதே மாடல் இருந்தது. ஆனால் பார்வைக்கு வைத்திருந்த திரையின் கீழ் மூலையில் லேசாக ஒரு நிழல். கிட்டப் போனால் தெரிந்தது. எட்டி நின்றால் தெரியவில்லை. எட்டி நின்று பார்க்கும் பொருளை அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்பினார்.

மறுநாள் காலை மனோஜ்குமார் மஸ்கட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் தெருமுனைக்கு வரும்போதே அவர் வீட்டிலிருந்து கூச்சல் கேட்டது. சண்டையோ என்று பயந்து ஓடி வந்தார். கதவு திறந்து கிடந்தது. பழைய டிவியில் கார்கள் பறந்துகொண்டிருந்தன. தரையில் அக்காவும் தம்பியும். சோபாவில் மாடி வீட்டுச் சொர்ணலதா, கையில் முறுக்கோடு, யார் பக்கம் என்றில்லாமல் எல்லோருக்காகவும் கத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஊதாக் கோட்டைத் தாண்டுனா பிரேக்கு! பிரேக்கு!"

"எனக்குத் தெரியும், நீ பேசாம ஓட்டுடா!" என்ற அனுப்ரியா, முழங்கையால் தம்பியின் கையைத் தட்டிவிட்டாள். அவன் கார் மரத்தில் மோதியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

செந்தில்நாதன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். கணக்கில் அரை மதிப்பெண்ணைக்கூடச் சும்மா போடாத டீச்சர், அழுகுணி ஆட்டம் ஆடுகிறாள்! இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, தான் இல்லாத நேரத்தில் அது நடந்துவிட்டதே என்று வருத்தப்படுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கோபப்படலாம் என்று பார்த்தார். யார்மேல் என்று தெரியாததால் அதையும் விட்டுவிட்டார்.

"வாங்க மாமா, நீங்க ஓட்டுங்க" என்று மனோஜ்குமார் கண்ட்ரோலரை நீட்டினான்.

ஓட்டினார். கடைசியாக வந்தார். மறுபடி ஓட்டினார். மறுபடியும் கடைசி.

"பாத்தியா மாப்ளே, இதான் லேக். இந்தத் திரையோட கோளாறு. நான் அழுத்தறேன், அது கேக்க மாட்டேங்குது."

"கொடுங்க, நானும் ஒரு கை பாக்கறேன்" என்று சொர்ணலதா அதே கண்ட்ரோலரை வாங்கினாள். முறுக்கு எண்ணெய்க் கையோடு ஓட்டினாள். முதலாவதாக வந்தாள். "ஹௌதா? நிஜமாவா? நானா ஜெயிச்சேன்?" என்று அவளே நம்பாமல் கேட்டாள்.

திரையின் கோளாறு பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. செந்தில்நாதன் அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் காலை மனோஜ்குமாரை ஏர்போர்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, ஸ்கூட்டரின் பின்னால் இருந்த அனுப்ரியா, "நேத்து நல்லா இருந்துச்சுங்க" என்றாள். சற்றுக் கழித்து, "அவன் வந்த அன்னிக்கே பெட்டியைப் பிரிச்சிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டாள்.

முடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

வண்டி வீட்டுக்குப் போகவில்லை. கடை திறக்கும்வரை வாசலில் நின்று, திறந்ததும் உள்ளே போய், "அனு, உனக்குப் பிடிச்சதைக் காட்டு" என்றார். அவள் சுற்றுமுற்றும் பார்த்து, எதிரே இருந்த ஒன்றைக் காட்டினாள். "அதையே போடுங்க" என்றார். மல்லப்பன் பில் புத்தகத்தை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தார். "உடம்பு சரியில்லையா சார்? உக்காருங்க, காபி சொல்றேன்."

இப்போது ஞாயிறுதோறும் குவெம்புநகர் வீட்டில் ரேஸ் நடக்கிறது. செந்தில்நாதன் கடைசியாகவே வருகிறார். தன்னைப் பற்றிய இந்தக் கதையைத் தொழிற்சாலை கேன்டீனில் அவரே சொல்லி, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறார். "டிவியில ஒண்ணுமில்லைங்க, என் மண்டையிலதான் லேக்" என்கிறார். திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சிரித்து முடித்த கையோடு, "ஆமா, கண்ட்ரோலர்ல எது நல்லா இருக்கும்? அவசரமில்லை, சும்மா கேக்கறேன்" என்று விசாரிக்கிறார்.

போகட்டும், பாவம். நமக்கென்ன? நீங்களும் நானும் அந்த இனமில்லையே. ஒரே ஒரு சந்தேகம்தான். அக்காவும் தம்பியும் சிரித்தார்கள், ஒரு பெண்பிள்ளை பாதிப் பேச்சை விழுங்கினாள், ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட்டார் என்றெல்லாம் சொன்னேன். இத்தனையும் படித்த பிறகு, "அதெல்லாம் சரி, கடைசியில் எந்த மாடல்தான் வாங்கினார்கள்?" என்று உங்கள் மனசு ஓர் ஓரத்தில் அரிக்கிறதா?

அரித்தால், காளிதாசா ரோட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். உங்களுக்கும் மல்லப்பன் காபி சொல்வார்.