கூரைமேல் கட்டிய பெட்ரோல் கேன்

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கு அப்போதுதான் திறக்கும். முடியாது என்று சொல்லப் பயந்தே, "இதெல்லாம் ஒரு மேட்டரா!" என்று சொல்லித் தொலைப்பேன்.

மைத்துனி ஜெசிந்தாவின் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அப்படித்தான் சொன்னேன். "மாமா, அப்பா இருந்திருந்தா அந்த அம்பாசிடர்லதான் என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாரு. அது ஓடுமா?" என்று கேட்டாள். மாமனார் காலமானதிலிருந்து ஒன்பது வருடமாக ராஜா அண்ணாமலைபுரம் வீட்டு ஷெட்டில் நிற்கும் கார். கேட்கும்போதே அவள் கண் கலங்கியிருந்தது. (எனக்கு அதைப் பார்த்தாலும் பயம்.)

நான் கற்றதெல்லாம் யூடியூப் வைத்தியம். புது பேட்டரி போட்டேன். கார்புரேட்டரைக் கழற்றி, மனைவியின் டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். (அவளுக்கு இது இப்போதுதான் தெரியும்.) இன்ஜின் உறுமி எழும், பத்து எண்ணுவதற்குள் செத்துவிடும். பன்னிரண்டு நாள் இதே கதை. கடைசியில் திருவல்லிக்கேணி மெக்கானிக் பாஷா வந்து டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னா சார், உள்ள துரு கீது, பிசின் கீது, பெட்ரோல் தவுர எல்லாம் கீது. டேங்க்க எறக்கிக் கழுவணும். மூணு நாள் ஆவும்."

"நாளன்னிக்குக் கல்யாணம் பாஷா."

"கேன்ல பெட்ரோல் ஊத்தி உசரத்துல மாட்டு. ட்யூப கார்புரேட்டர்ல சொருவி, இன்ஜின் ஓடுதான்னு பாரு. ஷெட்ல மட்டும்தான். ரோட்டுக்கு எடுத்தே, அப்பறம் சொர்க்கத்துலதான் பார்க்கிங்."

ஷெட்டில் அருமையாக ஓடியது. ஜெசிந்தாவிடம் 'முடியலம்மா' என்று சொல்லும் பயம், எரிந்துபோகும் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கூரை கேரியரில் கேனைக் கட்டி, செவ்வந்தி மாலையால் மறைத்தேன்.

கல்யாணக் காலை. பின்சீட்டில் மணப்பெண், பக்கத்தில் ஜெபமாலையோடு அத்தை, அதாவது என் மாமியார். ஒவ்வொரு பள்ளத்திலும் தலைக்குமேல் 'களக்' என்று ஐந்து லிட்டர் குலுங்கியது. மந்தைவெளி சிக்னலில் பக்கத்து பைக்காரர் சிகரெட் பற்றவைத்தார்.

"அண்ணே, உடம்புக்குக் கெடுதல்ணே!" என்று கதறினேன்.

"உனுக்கு இன்னா மாமே?" என்று புகையைக் காருக்குள்ளேயே ஊதினார்.

பச்சை விழுந்தது. இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. இறங்கி ட்யூபைப் பிடுங்கினேன். சொட்டியதில் பெட்ரோல் வாசனையே இல்லை.

"மாப்பிள்ளை, கோச்சுக்காதீங்க" என்றார் அத்தை. "நேத்து அந்தக் கேனைக் கட்டும்போது முடிச்சுமேல முடிச்சா போட்டீங்க, பாத்தேன். தீ கீ பிடிச்சிடக் கூடாதேன்னு, கிளம்பறப்போ வேளாங்கண்ணித் தீர்த்தம் கொஞ்சம் ஊத்தினேன்."

"கொஞ்சம்னா?"

"ஒரு பாட்டில்."

தண்ணீர் அடியில் தங்கி, முதல் ஆளாகக் கார்புரேட்டருக்குள் போய்விட்டது. பத்து மணிக்குக் கோயிலில் கல்யாணத் திருப்பலி. அப்போதே ஒன்பதே முக்கால்.

"ஆட்டோல போயிடலாம்மா" என்றேன்.

"அப்பா கார்லதான் போவேன். இல்லன்னா ஃபாதர இங்க வரச்சொல்லுங்க."

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "பொண்ணு கரெக்டா பேசுது. நைனா, நீ ஸ்டியரிங்க மட்டும் புடி. வாய மூடு."

இரண்டு ஆட்டோக்கள் பின்னால் வந்தன. ஆளுக்கொரு காலை நீட்டி பம்பரில் ஊன்றித் தள்ளினார்கள். அம்பாசிடர் சத்தமில்லாமல் மிதந்தது. செத்த இன்ஜின் தீப்பிடிக்காது என்ற ஞானம் வந்ததும், அன்று முதல்முறையாக மூச்சு விட்டேன்.

கோயில் வாசலில் ஃபாதர் வியந்தார். "சத்தமே இல்ல! வண்டிய நல்லா வச்சிருக்கீங்க." ஜெசிந்தா இறங்கும்போது கார்க் கதவை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். ஆட்டோக்காரர்கள் இருவரும் கல்யாண ஆல்பத்தில் முதல் வரிசையில் நிற்கிறார்கள்.

அதன்பிறகு நான் எங்கே கிளம்பினாலும் வீட்டில் ஒரே கேள்விதான். போன மாதம் டெல்லிக்கு விமானம் ஏறக் கிளம்பினேன். ஜெசிந்தா போன் செய்து கேட்டாள்: "மாமா, பின்னாடி ரெண்டு ஆட்டோ சொல்லட்டுமா?"