கள்ளு வினாகிரியில் துடைத்த ஜன்னல்

ஏலப்பாறை,
சனிக்கிழமை, மூடுபனி.

சித்தூரில் வாழும் அன்பு மைத்துனர் மிக்கேல்ராஜுக்கு, உம் அக்காள் புருஷன் ததேயு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எனக்குத் தும்மலும் உம் அக்காள் புஷ்பமேரிக்குக் கோபமும் தவிர வேறு குறை ஒன்றுமில்லை. அங்கே நீரும் பிள்ளைகளும் வெயிலில் நன்றாகக் காய்ந்து சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டு நான் வெளியேறியது உமக்குத் தெரியும். என் அண்ணன் சிலுவைராஜை அதற்கு அட்மின் ஆக்கியவர் நீர்தான் என்பது எனக்கும் தெரியும். ஆகவே தபாலில் எழுதுகிறேன்.

விஷயம் எங்கள் முன்னறை ஜன்னலைப் பற்றியது. இந்த ஊரில் அசையாமல் நிற்கும் எதன்மீதும் பாசி பிடிக்கும். மற்றவர்கள் துடைப்பார்கள், நான் விட்டுவைத்தேன். காரணம் உமக்குத் தெரிந்ததுதான். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, தேயிலைச் சரிவும் ஓடையும் தாண்டி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அண்ணன் வீடு இருக்கிறது. அவர் மகள் லிஜி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவில் குடும்பப் படம் எடுத்தபோது, வரலாற்றில் எம்.ஏ. படித்த, அவளுடைய சொந்தச் சித்தப்பாவான என்னைக் கடைசி வரிசையில், குடையை மடக்கத் தெரியாத ஒரு மனிதருக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அந்தப் படத்தில் என் இடது காது மட்டும் இருக்கிறது. அன்றோடு பேச்சு நின்றது. பாசி எனக்குச் செய்த உபகாரம் பெரிது, மாப்பிள்ளை. காலை வெயில் விழுந்தால் அறை முழுக்கப் பச்சை வெளிச்சம் பரவும். குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். கட்டன் சாயாவோடு நாற்காலியில் சாய்ந்தால் தேயிலை வரிசைகள் நீர்ப்பாசிபோல அசையும். அண்ணன் வீடு ஒரு வெள்ளைக் கறையாகத் தெரியும். அது ஒரு நாள் படகு, ஒரு நாள் படுத்திருக்கும் பசு, ஒரு நாள் வழிதவறி இறங்கிய மேகம். ஒரு கறையை யாரால் வெறுக்க முடியும்? சில காலைகளில் அதன்மீது எனக்குப் பிரியம்கூட வந்ததுண்டு.

இப்போது லிஜிக்குக் கல்யாணம். நம் ஜனத்தில் மூத்தவர் மனைவியோடு நேரில் வந்து, வீட்டுக்குள் ஏறி, பத்திரிகையைக் கையில் கொடுத்து அழைத்தால்தான் அழைப்பு. அண்ணனோ கோயில்பிள்ளையிடம், மணியடிப்பதோடு இதையும் கொடுத்துவிடு என்று கொடுத்தனுப்பினார். நான் போகமாட்டேன் என்றேன். "ததேயு ஒரு தடவை கையக் காட்டிக் கூப்பிடட்டும், நான் வாரேன்" என்று அவர் சொன்னதாகக் கேள்வி. நான் ஏன் கூப்பிட வேண்டும்? காது மட்டும் தெரிந்தவன் நான். உம் அக்காள் எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை லிஜியைத் தூக்கித் தூக்கித் தீர்த்துக்கொண்டவள். கல்யாணப் புடவையை வாங்கி வைத்துக்கொண்டு, அதை யாருக்கும் காட்டாமல் மடித்து மடித்து வைக்கிறாள்.

இந்த நிலையில்தான், உம் அக்காள் இன்னும் விடாமல் இருக்கும் அந்தக் குழுவில் உம் குரல் வந்தது. "ஒரு பங்கு வினிகர், ரெண்டு பங்கு தண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டு சொட்டு. பழைய பேப்பர்ல தொடைச்சீங்கன்னா கண்ணாடி இருக்கறதே தெரியாதுங்க்கா!" அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"கல்யாணத்துக்குத்தான் போகல, கண்ணாடியவாச்சும் தொடைங்க. ஊட்டுக்குள்ள மீன் தொட்டியில இருக்க மாதிரி இருக்கு" என்றாள்.

நீர் சொன்னது வெள்ளை வினிகர். எங்கள் வீட்டில் இருந்தது, கிறிஸ்துமஸுக்கு நீரே கொண்டுவந்த சித்தூர் கள்ளு வினாகிரி. எங்களுக்கு ஒரு குப்பி, அண்ணன் வீட்டுக்கு ஒரு கேன். அளவை நான் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். இருக்கும்போது காசு கொடுத்து வேறொன்று வாங்குவது என் பழக்கமில்லை. தேயிலைச் சாறுபோலச் சிவந்த அந்தத் திரவத்தைக் கலக்கி ஜன்னலில் அடித்தேன். பாசி வழிந்தது, அதோடு பழுப்புக் கோடுகளும் வழிந்தன, எங்கிருந்தோ சின்ன ஈக்கள் கூட்டமாக வந்து கண்ணாடியில் தொழுகைக்கு உட்கார்ந்தன, வீடு முழுக்கக் கள்ளுக்கடை வாடை. கொழுந்து கிள்ளிவிட்டுப் போன ஜின்சி படியோரம் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன சார், பகல்லயேவா?"

"அவரு குடிக்கல ஜின்சி, ஜன்னலுக்கு ஊத்துறாரு" என்று உள்ளேயிருந்து உம் அக்காள் என் மானத்தைக் காப்பாற்றினாள்.

"ஓ, ஜன்னலும் ஆரம்பிச்சிருச்சா?" என்று சொல்லிக்கொண்டே அவள் போனாள். நாளைப் பூசையில் இது முதல் வரிசை வரைக்கும் போய்ச் சேரும்.

பிறகு பழைய பேப்பர். அதை எடுத்தால் துடைக்க முடியவில்லை, மாப்பிள்ளை, படிக்கத்தான் முடிகிறது. என்றோ கவிழ்ந்துபோன ஒரு பஞ்சாயத்தின்மேல் புதிதாகக் கோபப்பட்டு, என்றோ பெய்து முடித்த மழைக்கு வருத்தப்பட்டு, ஈரத்தாளை மடியில் வைத்துக்கொண்டு பொழுது போனதே தெரியவில்லை. பழுப்புக் கோட்டைப் போக்க ஆப்பசோடாவை நீரில் கரைத்துத் தேய்த்தேன். கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்தேன், வெள்ளை போகவில்லை. வெளியே முக்காலி போட்டு ஏறி, தோள் கழன்று விழும்வரை துடைத்தேன். உள்ளே வந்து துடைத்தேன். அப்படியே இருந்தது.

உம் அக்காள் பின்னால் வந்து நின்றாள். "ஏங்க, கண்ணாடி எப்பவோ சுத்தமாயிருச்சு. அது மஞ்சு. இவ்வளவு நேரமா மலையத் தொடைச்சிட்டு இருக்கீங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மூடுபனி விலகியது. யாரோ மெல்லிய துணியை மேலே உருவி எடுத்ததுபோல. ஓடையின் சத்தம் முதலில் தெளிந்தது, பிறகு ஈரத்தில் மினுங்கும் தேயிலை, பிறகு நீலக் கதவு, கொடியில் ஒரு சிவப்புத் துண்டு. நீர் சொன்னது சத்தியம்: கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. கையை நீட்டினால் அந்தத் துண்டைத் தொடலாம்போல இருந்தது. அந்த வீட்டு ஜன்னலில் ஒரு கிழவர் நின்றார். யாரென்று பார்த்தேன், என் அண்ணன். தலை எப்போது இப்படி நரைத்தது? கறைக்கு நரை தெரியாதல்லவா, அதனால் எனக்கும் தெரியவில்லை. அவர் கையைத் தலைக்குமேல் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மெதுவாக, வட்டமாக ஆட்டினார். என்னைப் பார்த்து. எம்.ஏ. படித்தவன் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. என் கையும் ஈரத்தாளோடு தானாக மேலே போய் ஆடியது. அவர் கை நின்றது. உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கினார். நானும் இரண்டையும் தூக்கினேன். இன்னும் உயரமாகத் தெரியட்டும் என்று குதிகாலைத் தூக்கி எம்பினேன், மறைப்பானேன்.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டார். காத்திருந்தேன். வரவேயில்லை. காலியான ஜன்னலைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு மஞ்சு மறுபடி மூடிக்கொண்டது. என்னை முதலில் கை காட்ட வைத்து, காட்டியதும் முதுகைக் காட்டிவிட்டுப் போனார். படத்தில் காதாவது விழுந்தது. இதில் அதுவும் இல்லை.

இத்தனைக்கும் மூலகாரணம் உம்முடைய வினாகிரி. ஆகையால், இனிமேல் உம் குரல் எந்த வீட்டுக் குறிப்போடும் என் வீட்டுக்குள் நுழையக் கூடாது. திங்கட்கிழமை அந்த ஜன்னலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன். மிச்சமுள்ள வினாகிரி குப்பியோடு பஸ்ஸில் உமக்குத் திரும்பி வரும். லிஜி கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டோம், புடவை பெட்டியிலேயே இருக்கட்டும். உமக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணையிருப்பாள். அவளிடம் உம்மைப் பற்றி நான் குறை ஒன்றும் சொல்லவில்லை, இதுவரை.

மனம் நொந்த மச்சான்,
ததேயு

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். கதவு தட்டப்பட்டது. அண்ணனும் அண்ணியும். ஓடைக் குறுக்குப் பாதையில் வந்ததால் காலெல்லாம் அட்டைக்கடி. பத்திரிகை பாலிதீன் பையில் நனையாமல் இருந்தது.

"ஏலே, ரெண்டு கையத் தூக்கிக் கூப்பிட்டியே, அப்புறமும் வராம இருப்பனா? சட்டையத் தேடிப் போட நேரமாயிருச்சு."

"நீங்கதானண்ணே மொதல்ல..." என்று தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்துப் பத்திரிகையை வைத்தார். அவர் கையிலிருந்து குப்பென்று கள்ளு வினாகிரி வாடை. விரலிடுக்கில் பழைய பேப்பரின் அச்சுமை. அவரும் என் கையை முகர்ந்தார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உம் குரல் அந்த வீட்டிலும் ஒலித்திருக்கிறது. அவர் வட்டமாக ஆட்டிய கை, ஜன்னலைத் துடைத்த கை. உம் அக்காள் புடவையை எடுத்துவந்து அண்ணியிடம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

சுண்ணாம்பு வேண்டாம். கல்யாணத்துக்கு வரும்போது எனக்கும் ஒரு கேன் கொண்டுவாரும், அவருக்குக் கொடுத்த அதே அளவு. சமையலறை ஜன்னல் பாக்கியிருக்கிறது. அதற்கு எதிர்வீட்டுக்காரரோடும் எனக்குப் பேச்சில்லை.