எதிர்ப்பக்கத்தில் குடிவந்தவன்

பக்கம் 35,
மூன்றாவது கட்டம்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய ஆசிரியர் பெரியப்பா அவர்களுக்கு, தங்கள் வாரப் பத்திரிகையில் முப்பத்தொரு வருடமாக நாலு கட்டத்துக்குள் குடியிருக்கும் கார்ட்டூன் ஆசாமி சடக்கு கைகட்டி நின்று, எழுதுவதற்கு மட்டும் ஒரு கையை அவிழ்த்துக்கொண்டு, எழுதுவது. இங்கு நானும் என் மனைவியும் மை காய்ந்து சுகம். அங்கு தாங்களும் பெரியம்மாவும் அச்சுக்கூடத்தில் உள்ள அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என்னை வரைகிறவர் எனக்கு அப்பா. அவரையே வாராவாரம் "படம் எங்கேய்யா?" என்று அதட்டுகிற தாங்கள் எனக்குப் பெரியப்பா முறைதானே? அந்த உரிமையில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதல் காரியமாக, இதற்கு முன் நான் அனுப்பிய மூன்று கடிதங்களையும் கிழித்துப் போட்டுவிடவும். முதல் கடிதத்தில் என்னுடைய பழைய படங்களை மறுபடி அச்சிடக் கூடாது என்று காலில் விழுந்திருந்தேன். இரண்டாவதில், அச்சிட்டே தீருவதென்றால் மூக்கையாவது மாற்றுங்கள் என்று கெஞ்சியிருந்தேன். மூன்றாவதில் நான் எழுதிய சில வார்த்தைகளைத் தாங்கள் மறந்துவிட்டால் நல்லது. மறுபதிப்பின் நாற்பத்து மூன்றாவது வாரம் வந்தது, போனது, நான் உயிரோடு இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது தங்களுக்கு முழுதாகப் புரிய வேண்டுமானால் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். முதல் நாலு வருடம் அப்பா என்னை எதற்காக வரைந்தார் என்பது தங்களுக்கே தெரியும். யாராவது உட்காரப் போனால் பின்னாலிருந்து நாற்காலியை இழுப்பேன். சடக்! அவர்கள் விழுவார்கள். தொபுக்கடீர்! கடைசிக் கட்டத்தில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். இதுதான் என் உத்தியோகம். வாரம் ஒருத்தர் வீதம் விழுந்தார்கள், ஊரே சிரித்தது, எனக்கும் தலைகால் புரியவில்லை. பிறகு ஒரு வாத்தியாரம்மா தங்களுக்குக் கடிதம் போட்டார்கள், வகுப்பில் பிள்ளைகள் நாற்காலியை இழுத்து இழுத்து ஒரு பிள்ளைக்கு இடுப்பில் கட்டு போட்டிருக்கிறது என்று. தாங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, "ஒண்ணு இவனைத் திருத்து, இல்லேன்னா முடிச்சுடு" என்றீர்கள். அப்பா ஒரே வாரத்தில் என்னைத் திருத்தினார். ஐந்து அங்குல மூக்கு அரை அங்குலம் ஆனது, கட்டம் போட்ட கோட்டு போய் கை மடித்த சட்டை வந்தது, தெருமுனையில் நாற்காலி பழுதுபார்க்கும் கடை ஒன்று வைத்துக் கொடுத்தார். ஆகவே நான் மனசாட்சி உறுத்தித் திருந்தினேன் என்று பெருமையடிக்க முடியாது, திருத்தியது பிரஷ்தான். ஆனால் கால் உடைந்த முதல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஆணி அடித்தபோது, இதில் உட்காரப் போகிறவர் என்னை நம்பித்தானே உட்காருவார் என்று தோன்றியது பாருங்கள், அந்த வருத்தம் அப்பா வரைந்ததில்லை, என் சொந்தச் சரக்கு.

இப்படி மானம் மரியாதையோடு இருந்த காலத்தில், பத்து மாதத்துக்கு முன்னால், தாங்கள் 34ஆம் பக்கத்தில் 'அன்று' என்றும் 35ஆம் பக்கத்தில் 'இன்று' என்றும் தலைப்புப் போட்டு, எனக்கு நேர் எதிரே அந்தப் பழைய பயலைக் குடிவைத்தீர்கள். பெரியப்பா, தாங்கள் பத்திரிகையைத் திறந்து வைத்துத்தான் பார்த்திருப்பீர்கள். மூடினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? 34ஆம் பக்கமும் 35ஆம் பக்கமும் முகத்தோடு முகம்! மேலிருந்து கீழாக நாலு கட்டம், அவன் முதல் கட்டம் என் முதல் கட்டத்தின் மேலே, அவனுடைய ஐந்து அங்குல மூக்கு என் கன்னத்தில். யாராவது வந்து திறக்கும்வரை அவனிடமிருந்து தப்ப வழியில்லை. முதல் வாரம் அவன் கேட்ட முதல் கேள்வியே, "யாருய்யா நீ, பெருசு?" என்பதுதான்.

"நான்தான்டா நீ" என்றேன்.

"போய்யா! நான் இப்படியா ஆவேன்? வாயில கொழுக்கட்டையை வச்ச மாதிரி ஒரு மூஞ்சி. உன்னைப் பார்த்து யாராவது சிரிக்கிறாங்களா?"

"சிரிக்கலேன்னா என்னடா? யாரும் விழலையே."

"அப்புறம் உனக்கு எதுக்கு நாலு கட்டம்? ஒரு கட்டம் போதுமே!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் மூக்கைப் பிடித்துத் திருகியிருப்பேன், என் மூக்காயிற்றே என்று விட்டுவிட்டேன். பத்து மாதமாக இதே கூத்து. அவன் இளிப்பைப் பார்க்கும்போதெல்லாம், இவனை நான் ஒரு காலத்தில் எனக்குள்ளேயே வைத்துச் சோறு போட்டேனே என்று உடம்பெல்லாம் கூசும்.

ஆனாலும் நான் பயந்தது அவனுக்கு இல்லை. என் மனைவிக்கு. அந்தக் காலத்தில், நான் அச்சாக ஆரம்பித்த நாற்பத்து மூன்றாவது வாரம், ஒரு மருத்துவர் வீட்டு வரவேற்பறையில், குடையோடு வந்து உட்காரப் போன பெண்ணை நான் விழவைத்தேன். குடை அப்படியே பூவாய் விரிந்து திரும்பிக்கொண்டது, கைப்பிடி வளைந்துவிட்டது. அத்தோடு மறந்தும் போனேன். எட்டு வருடம் கழித்து, திருந்திய எனக்குக் கல்யாணம் செய்துவைக்கத் தாங்கள் உத்தரவு போட்டபோது, அப்பா புது முகம் யோசிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, பழைய படக் கட்டைப் புரட்டி, அந்தக் குடைக்காரப் பெண்ணையே மணப்பெண்ணாக வரைந்துவிட்டார். அவள் அதே குடையோடு வந்து நின்றாள். எனக்கு அடையாளம் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நாற்காலியை இழுக்கிறவன் முதுகுக்குப் பின்னாலல்லவா நிற்பான்! வாசகர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள், விழுந்தவள் மட்டும் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாக அந்த வளைந்த குடை எங்கள் மூன்றாவது கட்டத்துச் சுவரில் தொங்குகிறது. மழை வந்தால் அவளுக்கு இடுப்பு வலிக்கும். வலித்தால் குடையைப் பார்ப்பாள். பார்த்தால், "எவனோ ஒரு கட்டையில போறவன் அன்னைக்கு இழுத்தான், அவன் கை விளங்குமா?" என்பாள். நானும் கூடவே, "விளங்காது, விளங்கவே விளங்காது" என்று சொல்லிக்கொண்டே கையைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொள்வேன். அவள் உட்காரும்போதெல்லாம் ஓடிப்போய் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். அவள் உட்காராமல் நான் உட்கார்ந்ததே கிடையாது. அக்கம்பக்கத்துக் கட்டங்களில், "எங்க வீட்டுக்காரர் மாதிரி மரியாதை தெரிஞ்ச மனுஷன் உண்டா?" என்று அவள் பெருமை பேசும்போது நான் மெல்லக் கடைப்பக்கம் நழுவிவிடுவேன். மரியாதையா அது? பயம், பெரியப்பா.

இப்போது கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபதிப்பின் நாற்பத்து மூன்றாவது வாரம். 34ஆம் பக்கத்து மூன்றாவது கட்டத்தில் அவள் விழுகிறாள், பின்னால் நாற்காலியோடு நான். 35ஆம் பக்கத்து மூன்றாவது கட்டத்தில் என் மனைவி டீ ஊற்றிக்கொண்டிருக்கிறாள். பத்திரிகையை மூடினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று! அப்பாவிடம் அவளைக் கடை இருக்கிற முதல் கட்டத்துக்கு மாற்றச் சொன்னேன், "கடையில அவளுக்கு என்னடா வேலை?" என்றார். எதிர்ப்பக்கத்துக்காரனிடம், என் நிலைமையை மறந்து, கும்பிட்டேன்: "தம்பி, இந்த ஒரு வாரம் மட்டும் இழுக்காதே." அவன், "நான் என்னய்யா பண்றது? வரைஞ்சாச்சு" என்றான். அவனை நான் பார்த்த நாளிலிருந்து அவன் பேசிய ஒரே உண்மை அதுதான். அப்புறம்தான் தங்களுக்கு மூன்றாவது கடிதம், இரண்டு பக்கத்துக்கும் நடுவே எதையாவது செருகுங்கள் என்று. என் கடிதத்தைப் பார்த்துச் செய்தீர்களோ, தற்செயலோ, அந்த வாரம் சரியாக அந்த இடத்தில் சந்தா படிவம் ஒன்று வந்து உட்கார்ந்தது. கெட்டியான மஞ்சள் அட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியில் கடையில் வரிசையாக இருந்த நாற்காலிகளை எல்லாம் ஒருமுறை துடைத்து வைத்தேன்.

அச்சானது எத்தனை பிரதி என்று தங்களுக்குத்தான் வெளிச்சம். அத்தனையிலும் நான் இருக்கிறேன். ஒன்றில் நடந்ததைச் சொன்னால் போதும். அது ஒரு பல் டாக்டரின் வரவேற்பறைக்குப் போன பிரதி. கன்னம் வீங்கிய ஒருத்தர் எடுத்துப் பிரித்தார். படங்களைப் பார்க்கவில்லை. வியர்த்துக் கொட்டியதால் என் மஞ்சள் அட்டையை உருவி விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். உள்ளே கூப்பிட்டார்கள். பத்திரிகையைப் பட்டென்று மூடி வைத்துவிட்டு அட்டையோடு எழுந்து போய்விட்டார்!

இருட்டு. கீழே மூன்றாவது கட்டத்திலிருந்து, சடக். தொபுக்கடீர். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. பெரியப்பா, முதல் கட்டத்திலிருந்து கோட்டைத் தாண்டி, நடுவில் இருக்கிற வெள்ளைச் சந்தில் வழுக்கி விழுந்து, இரண்டாவது கட்டத்தில் பிசின் டப்பாவில் கால் வைத்து, டப்பாவோடேயே மூன்றாவது கட்டத்துக்குள் போய் நின்றேன். அவள் டீ கெட்டிலை ஏந்தியபடி எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை, "நான்தான், நான்தான்" என்று மட்டும் சொல்லி அழுதேன். எங்கள் கார்ட்டூன் வழக்கப்படி கண்ணீர் இரண்டு பக்கமும் குழாய் உடைந்தாற்போல் வளைந்து போயிற்று.

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். "தெரியும்" என்றாள்.

"எப்போ?"

"விழுந்த அன்னைக்கே. கீழ விழுந்தா மேல தானே பார்ப்பாங்க? அந்த மூக்கு எங்கே மறைஞ்சுது?"

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே?"

"பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு என் நாற்காலியைப் பிடிச்சீங்களே, கை எப்படி நடுங்குச்சு! சரி, இந்த ஆளு இனிமே இழுக்க மாட்டான்னு முடிவு பண்ணிட்டேன். காலை டப்பாவிலிருந்து எடுங்க முதல்ல."

பிறகு எதிர்ப்பக்கத்துக்காரனைப் பார்த்து, "டேய், இங்க வா. நீ செஞ்சது மகா அயோக்கியத்தனம். ஆனா நீ இழுக்கலேன்னா இந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷமா எனக்கு நாற்காலி பிடிச்சிருக்க மாட்டார். அதனால ஒரு டீ குடிச்சுட்டுப் போ" என்றாள். அந்தப் பயல் சிரிக்கவில்லை. ஐந்து அங்குல மூக்கும் சிவந்துபோய், "அக்கா, ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டான். பத்து மாதத்தில் முதல் தடவையாக அவன் முகம் எனக்கு என் முகம் மாதிரி தெரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு மார்பின் மேல் இருந்த அம்மிக்கல்லை எடுத்துவிட்டாற்போல் இருக்கிறது. ஆகவே பெரியப்பா, பழைய படங்களை எல்லாம் தாராளமாக அச்சிடுங்கள், மூக்கில் கைவைக்க வேண்டாம், நடுவில் அட்டையும் வேண்டாம். எனக்கு வாழ்க்கையில் இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. பெரியம்மாவுக்கு என் வணக்கம். அப்பாவின் கைக்கு நடுக்கமும் தங்கள் கோபத்துக்கு வேலையும் வராமல் பத்திரிகை நூறாண்டு நடக்கட்டும். உட்காருகிற எல்லோருக்கும் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் திருந்திய மகன்,
சடக்கு.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டிய தபால்காரர் 41ஆம் பக்கத்துச் சிறுகதைப் படத்தில் கதாநாயகி கதவைத் திறப்பதற்காக இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். அதனால் நேரம் கிடைத்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. எனக்கு முன்னாடியே தெரியும்னு இருக்கு பாருங்க, அதை மட்டும் அடிச்சிடுங்க. பெரிய மனுஷருக்குப் பொய் எழுதக் கூடாது" என்றாள்.

"பொய்யா?"

"எனக்கு எங்க தெரியும்? அன்னைக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுல்ல விழுந்தேன்! அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. நீங்க அழுத அழுகையில முப்பத்தஞ்சாம் பக்கமே ஊறிப்போயிடும்னு பயந்துட்டேன். வேற என்ன சொல்றது?"

34ஆம் பக்கத்தைப் பார்த்தேன். உண்மைதான் பெரியப்பா, கண் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா இரண்டு கோடுதான் போட்டிருக்கிறார். முப்பத்தொரு வருடமாக என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்த நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "சரி, நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் எழுதுவீங்க? உக்காந்து திருத்துங்க" என்று அவளே எனக்குப் பின்னால் வந்து, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் நாற்காலி பிடித்ததில்லை. கண் கலங்கியது. நம்பி உட்கார்ந்தேன்.

சடக்.

எதிர்ப்பக்கத்துக்காரன், "அக்கா, பிரமாதம்! முழங்கையை மட்டும் மடக்காதீங்க" என்கிறான். அவள் சிரித்துச் சிரித்து, இடுப்பு வலியை மறந்து, சுவரில் சாய்ந்துகொண்டிருக்கிறாள். மேலே எழுதியதில் பாதி பொய்யாகிவிட்டது, எதையும் அடிக்கவில்லை, தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்ளவும். இந்த நாலு வரியை நான் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்ததில்லை, பெரியப்பா. தரையை யாரும் இழுக்க முடியாது.